கோட்டைக்காரர்களும் தறிக்காரர்களும்

ஆற்காட்டு முற்றுகையை ராபர்ட் கிளைவ் தாக்குப்பிடித்ததோடு பாடப்புத்தகங்கள் கதையை முடித்துக்கொள்ளும். மிச்சக் கதை ஆரணியில் இருக்கிறது. 1751 நவம்பரில் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய ரஸா சாகிபை, சந்தா சாகிபின் மகனை, கிளைவ் விடாமல் துரத்தினார். டிசம்பரில் ஆரணிக்குப் பக்கத்தில் இரு படைகளும் மோதின. கிளைவுக்கு முன்னால் மழைக்காலத்துச் சேற்று வயல். இடப்பக்கம் பனந்தோப்பில் அவருக்குத் துணையாக முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை. வயலைக் கடந்து ஆரணிக் கோட்டைக்குப் போக ஒடுக்கமான ஒரே ஒரு பாதை. ரஸா சாகிபுக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கிகள் அந்தப் பாதையில் வந்து வசமாக மாட்டிக்கொண்டன. ரஸா சாகிபின் படைச் செலவுக்கு வைத்திருந்த பெட்டி, லட்ச ரூபாயோடு பறிபோனது. அரிசிக்குப் பேர்போன ஊரில் சண்டையைத் தீர்த்துவைத்ததில் நெல் வயலுக்கும் பங்கு உண்டு என்பது பொருத்தம்தான்.

31 ஆண்டுகள் கழித்து இன்னொரு சண்டை. ஹைதர் அலியின் வெடிமருந்தும் தானியமும் ஆரணிக் கோட்டையில் குவிந்திருந்தன. அவற்றைக் கைப்பற்றலாம் என்று ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ஆம் தேதி ஹைதரும் கூட்டும் நேருக்கு நேர் மோதினார்கள். யாருக்கும் முழு வெற்றி இல்லை. கோட்டையைப் பிடிக்காமலேயே கூட் திரும்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் காலமாகிவிட்டார்.

கோட்டையைப் பார்க்க இன்று போனால் பீரங்கி மேடையைத் தேடி அலைய வேண்டாம். அரசு அலுவலகங்கள், மைதானம், கைலாசநாதர் கோயில், ஆடி மாதம் கூட்டம் தாங்காத வேம்புலி அம்மன் கோயில் என்று கோட்டை முழுக்க ஊர்தான் குடியிருக்கிறது. கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத்தூணை மட்டும் தவறவிடாதீர்கள். திப்பு மீதான போருக்கு 1790-ல் படையோடு வந்து, போர் சூடுபிடிப்பதற்கு முன்பே இங்கே இறந்துபோனவர் அவர். ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்கு வரைபடங்கள் தயாரித்தவர் என்பதால், சண்டைக்காரர்கள் வரிசையில் எனக்குக் கொஞ்சம் பிடித்தமானவர்.

இத்தனை கூத்துக்கும் நடுவே ஊரை ஆண்டவர்கள் மராட்டிய ஜாகீர்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜியின் தென்னகப் படையெடுப்பை ஒட்டி வந்து அமர்ந்த குடும்பம். பீஜப்பூர், முகலாயர், நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி என்று மேலே இருப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். இவர்கள் யாருக்குக் கப்பம் கட்ட வேண்டுமோ அவருக்குக் கட்டி நிலைத்தார்கள். 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் அந்தக் கணக்கை முடித்தது. ஊருக்கு வெளியே சத்தியவிஜயநகரத்தில் அவர்களுடைய அரண்மனை இருக்கிறது. உத்தராதி மடத்தின் பீடாதிபதி சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அங்கே இருப்பதால் வந்த பெயர் அது. பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் இன்னொரு மாளிகை இடிந்து கிடக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணுக்காக ஜாகீர்தார் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியோ, மாளிகை அழகு. அது கவனிப்பாரற்றுக் கிடப்பது அநியாயம்.

ஆனால் கோட்டையிலும் மாளிகையிலும் நேரத்தை முழுக்கச் செலவழித்துவிட்டு பஸ் ஏறுகிறவர் ஆரணியைப் பார்த்தவராக மாட்டார். விடியற்காலையில் நெசவாளர் தெருவுக்குப் போக வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பாவை, புடவையின் நீளவாட்டு இழைகளை, இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆணும் பெண்ணுமாக இருபக்கமும் நின்று அறுந்த இழையை முடிவார்கள், கஞ்சி தடவுவார்கள். எல்லாம் வெயில் ஏறுவதற்குள். சைக்கிள்காரர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு பாவு பொதுவாக மூன்று புடவை. பிறகு அது குழித்தறிக்குப் போகும். குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா பாயும். பலகையை இழுத்து ஒரு அடி. தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. செங்குந்தரும், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. பட்டு நூலுக்கு கர்நாடகம், ஜரிகைக்கு சூரத் என்று வியாபாரத் தொடர்பும் பழசு.

கம்பெனிக் காலத்து ஐரோப்பியர் கேட்டு வாங்கியது ஆரணி மஸ்லினை, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை. மில் துணிக்கு முன் அது நிற்கவில்லை, பட்டு நின்றது. இங்கே நெய்த புடவைகள் ‘காஞ்சிப் பட்டு’ என்று சென்னைக் கடைகளில் விலைபோவது ஊரறிந்த ரகசியம். முகூர்த்தப் புடவை வாங்கிய எத்தனையோ வீடுகளுக்கு ஆரணியோடு உறவு உண்டு, அவர்களுக்கே தெரியாமல். காஞ்சிக்குப் பின்னால் ஆரணிப் பட்டுக்கும் தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீட்டால் கூலி தானாக ஏறிவிடாது. பாவும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி கூலியைத் தீர்மானிக்கிறார். கூட்டுறவுச் சங்கங்கள் அதற்கு மாற்றாக வந்தவை. பட்டுப் புடவையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்த பிறகும் விசைத்தறியில் நெய்த புடவையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பது நெசவாளர்களின் நெடுநாள் புகார்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஆரணி ரோடு’ என்ற நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அங்கே இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வழியில் நெல் மண்டிகளும் அரிசி ஆலைகளும் கண்ணில் படும்.

(தொடரும்)