ஊர் ஞாபகமும் முன்னெச்சரிக்கையும்: மாங்கேணிக் கரையின் இரு அனர்த்தங்கள்

வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியால் வடக்கே போனால் மாங்கேணி, காயங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிப் பெயர்கள் வரும். கிழக்கே கடல், மேற்கே களப்பும் காடும். இந்தக் கரையின் வரலாற்றை எழுதுபவர் இரண்டு திகதிகளைத் தவிர்க்க முடியாது: 1978 நவம்பர் 23, 2004 டிசம்பர் 26.

முதலாவது சூறாவளி. வியாழன் பின்னேரம் மங்கி, நம்மவர் கணக்கில் வெள்ளி இரவு பிறந்த வேளையில் மட்டக்களப்பு மாவட்டத்தையே அது புரட்டிப் போட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மௌத்தானார்கள். தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன. ஆனால் அந்த இரவு ஊர் ஞாபகத்தில் பதிந்தது. "சூறாவளிக்கு முந்தின வருஷம் பொறந்தவன்" என்று வயசு சொல்வார்கள். "காத்து ஓஞ்சிட்டெண்டு வெளிய இறங்காத, மத்தப் பக்கத்தால திரும்ப அடிக்கும்" என்பது மூத்தம்மாமார் பேச்சு. சூறாவளியின் கண் கடப்பதைப் பற்றிய சரியான அறிவு அது.

சுனாமிக்கு அப்படியொரு பேச்சு நம்மிடம் இருக்கவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் காலை 6.58க்குப் பூமி அதிர்ந்தது. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதிர்வின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமலுவே தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழே பேர். அங்கும் சைரன் இல்லை. 1907இல் வந்த அலையை 'சிமோங்' என்று பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடியதும் மேட்டுக்கு ஓடினார்கள்.

நமக்கு அது மட்டும் போதாது. தூரத்து அதிர்வு மாங்கேணியில் காலடிக்குத் தெரியாது. செய்தி வெளியிலிருந்துதான் வரவேண்டும். 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதன் கீழான அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதற்காகவே வந்தன. 2012 ஏப்ரல் 11இல் எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள், பேரலை வரவில்லை. "சும்மா ஓட வெச்சிட்டாங்க" என்று அதைப் பேசுவது ஆபத்து. அன்று நடந்ததுதான் நாம் செய்த மிகப் பெரிய ஒத்திகை.

"தலையில எழுதினதுதான் நடக்கும்" என்பாருக்கு நம் வரலாற்றிலேயே பதில் உண்டு. ஷாமில் கொள்ளைநோய் என்று கேட்டதும் கலீஃபா உமர் (ரழி) கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் சுன்னத்.

1978இல் வீட்டைக் காத்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2006–07 யுத்த இடம்பெயர்வு வாகரைப் பகுதி ஊர்களைக் கலைத்து, சொல்பவரையும் கேட்பவரையும் பிரித்தது. ஆகவே ஞாபகத்தை ஏற்பாடாக மாற்றவேண்டும். கிராம உத்தியோகத்தருக்கு வரும் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் யார் சொல்வது? கரண்ட் இல்லாவிட்டால் என்ன வழி? படுக்கையிலிருப்பவரை எந்த வீட்டு இளைஞர் தூக்குவது? எந்தப் பாதையால் போவது? தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருந்து இதை எழுதிவைத்து, ஆண்டுக்கொரு தடவை நடந்து பார்க்கவேண்டும். 2004இல் நமக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஊர்தான் இருக்கவில்லை.