டைபாய்டு: தொடக்கநிலை இரத்தப் பரிசோதனைகள்

டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா, மாசுபட்ட நீர், உணவு வழியாகக் குடலுக்குள் சென்று, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. முதல் வாரத்தில் காய்ச்சல், தலைவலி, சோர்வு தவிர வேறு அடையாளம் தெரியாமலே போகலாம். டெங்கு, மலேரியா, ஸ்கிரப் டைபஸ் ஆகியவையும் இப்படியே தொடங்குவதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது.

இரத்தப் பரிசோதனைகளுள் முதலிடம் பிளட் கல்ச்சர் எனப்படும் இரத்த வளர்ப்புச் சோதனைக்கு. காய்ச்சலின் முதல் வாரத்தில்தான் இதில் கிருமி அகப்படும் வாய்ப்பு அதிகம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பெரும்பாலும் ஒரு கிருமிகூட இருக்காது என்பதால், பெரியவர்களிடம் சுமார் 10 மி.லி. இரத்தம் எடுத்து வளர்ப்பு ஊடகம் உள்ள பாட்டிலில் சேர்க்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். இரண்டு வேளை மாத்திரை விழுங்கிவிட்டு வருபவரின் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகக்கூடும். முறையாகச் செய்தாலும் நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதத்தினரிடமே கிருமி கிடைக்கிறது. எலும்பு மச்சையில் எடுத்தால் இந்த விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் எல்லோருக்கும் செய்யக்கூடிய சோதனை அல்ல அது. முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்றாலும், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் கல்ச்சர் காட்டிவிடுகிறது. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத டைபாய்டு பரவத் தொடங்கிய பின் இந்தத் தகவலின் மதிப்பு கூடியிருக்கிறது.

பரவலாகச் செய்யப்படுவது விடால் சோதனை. பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் விடால் 1896-இல் இதை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரத்தோடு நிறமேற்றிய கிருமிக் கரைசலை ஒரு துளி சேர்த்து அசைத்தால், எதிர்ப்பொருள் இருக்குமானால் ஒரு நிமிடத்தில் மணல்போல் திரளும். கிருமியின் உடலுக்கு எதிரானது 'ஓ', கசையிழைக்கு எதிரானது 'எச்'. எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் பிடிப்பதால், மூன்றாம் நாள் 'நெகட்டிவ்' என்று வருவதை வைத்து நோயில்லை என்று முடிவுகட்டலாகாது. முன்பு டைபாய்டு வந்தவர்களிடமும், நோய் மிகுந்த ஊர்களில் வசிப்பவர்களிடமும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் அளவு உயரலாம். ஆகவே ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அது வலுவான சான்று. ஒரே ஒரு விடால் அறிக்கையை நம்பி மருந்து தொடங்கும் வழக்கம், தேவையற்ற ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு வழிவகுக்கிறது.

மலேசியாவில் உருவான டைஃபிடாட், மற்றும் டியூபெக்ஸ் போன்ற விரைவுச் சோதனைகள் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. விடாலைவிட ஓரளவு மேம்பட்டவை எனினும் கல்ச்சருக்கு ஈடாகாதவை. முழு இரத்த எண்ணிக்கையில் வெள்ளணுக்கள் இயல்பாகவோ குறைந்தோ இருப்பதும், அவற்றுள் ஒரு வகையான ஈசினோஃபில் அறவே காணாமற்போவதும் சந்தேகத்தை வலுப்படுத்தும், நோயை உறுதிசெய்யாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையிலும் இரத்தத்தில் கிருமி அரிதாக இருப்பதே தடையாகிறது. வழக்கமான ஆய்வகங்களில் அது இன்னும் பரவவில்லை.