வீட்டு எரிவாயு வெப்ப உலை இடையில் அணைதல்

வீட்டு எரிவாயு வெப்ப உலை இடையில் அணைதல் என்பது, குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கப் பயன்படும் எரிவாயு உலை, அறை வேண்டிய வெப்பநிலையை எட்டும் முன்னரே தானாக நின்று, மீண்டும் பற்றி, மீண்டும் நிற்கும் நிலை ஆகும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவலாக உள்ள, சூடான காற்றைக் குழாய்கள் வழியே அறைகளுக்கு ஊதி அனுப்பும் உலைகளைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. கனடாத் தமிழர் இதனைப் பேச்சு வழக்கில் ஃபர்னஸ் என்றே அழைக்கின்றனர்.

இவ்வுலை இடையில் அணைவதைப் பலர் உலையின் கோளாறு என்று கருதுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் உலையினுள் உள்ள காப்புக் கருவிகளுள் ஒன்று ஏதோ ஒரு தீங்கைக் கண்டு, எரிவாயுவை நிறுத்தி, உலையை அணைக்கிறது. எந்தக் கருவி அணைத்தது, எதைக் கண்டு அணைத்தது என்று அறிவதே பழுதறிதல் ஆகும். அக்கருவியின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து உலையை ஓடவைப்பது, காவலாளியைக் கட்டிப்போட்டு விட்டு வீட்டில் உறங்குவதற்கு ஒப்பானது.

பின்னணி

எரிவாயுவைக் கொண்டு வீடு முழுவதையும் சூடாக்கும் உலை ஒன்றிற்கு, நியூ ஜெர்சி மாநிலத்தின் மோரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி 1919 டிசம்பர் 23 அன்று காப்புரிமை பெற்றார். பழைய உலைகளில் சிறு வழிச்சுடர் ஒன்று எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும். அச்சுடரின் சூட்டில் வெப்ப இரட்டை என்னும் சிறு கருவி ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கி எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் மின்னழுத்தம் போய்விடும், வால்வும் மூடிக்கொள்ளும். இன்றைய உலைகளில் வழிச்சுடர் இல்லை. அதன் பணியைப் பற்றவைப்பியும் சுடர் உணரியும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

உலை இயங்கும் ஒழுங்கு

அறைச் சுவரில் உள்ள வெப்பநிலைக் கட்டுப்படுத்தி (தெர்மோஸ்டாட்) 24 வோல்ட் மின்குறிப்பால் வெப்பம் வேண்டும் என்று அறிவிக்கிறது. முதலில் புகையை வெளியே தள்ளும் சிறு விசிறி சுழலத் தொடங்குகிறது. அது உண்டாக்கும் உறிஞ்சலால் அழுத்த ஆளி (சுவிட்ச்) மூடி, புகைவழி திறந்திருக்கிறது என்பதை உறுதிசெய்கிறது. பின்னர் பற்றவைப்பி செஞ்சூடாக ஒளிர்கிறது. வால்வு திறந்து எரிவாயு பற்றுகிறது. சில நொடிகளுக்குள் சுடர் உணரி சுடரைக் கண்டாக வேண்டும். இல்லையேல் வால்வு மூடப்படும். ஏறத்தாழ அரை நிமிடம் கழித்துப் பெரிய ஊதுவிசிறி தொடங்கி, வெப்பப் பரிமாற்றியின் வெளிப்புறத்தைச் சுற்றி வீட்டுக் காற்றைச் செலுத்துகிறது. புகை பரிமாற்றியின் உள்ளேயும், வீட்டுக் காற்று வெளியேயும் செல்கின்றன. இவ்விரண்டும் கலக்கக்கூடாது என்பதே இவ்வுலையின் அடிப்படை விதி.

இவ்வொழுங்கில் எந்தப் படியில் உலை நிற்கிறது என்பதைக் கடிகாரத்துடன் அருகில் நின்று பார்த்தாலே பாதிப் பழுது விளங்கிவிடும். கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறு விளக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கிக் காரணத்தைக் கூறுகிறது. அதன் பொருள் பெரும்பாலும் உலைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில் இருக்கும். கதவைக் கழற்றினால் கதவு ஆளி மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்பதால், கழற்றும் முன்னரே கதவில் உள்ள சிறு கண்ணாடித் துளை வழியாக விளக்கைப் பார்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். பல உலைகள் சில முறை முயன்று தோற்றபின் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தே மீண்டும் முயலும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் பூட்டு விடுபடும். ஆனால் பலகை சேமித்து வைத்த குறிப்பும் சில உலைகளில் அத்துடன் அழிந்துபோகலாம்.

பற்றிய சில நொடிகளில் அணைதல்

சுடர் அழகாகப் பற்றி, சில நொடிகளில் வால்வு மூடும் ஓசையுடன் அணைந்தால், முதலில் ஐயுற வேண்டியது சுடர் உணரியையே. இது சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கோல் மட்டுமே. சூட்டை அளக்கும் கருவி அன்று. கோலுக்கு மாறுதிசை மின்னழுத்தம் தரப்படுகிறது. சுடரில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருப்பதால் சுடர் வழியே சிறிது மின்சாரம் பாய்கிறது. எரியடுப்பின் பரப்பு கோலின் பரப்பை விடப் பெரியது ஆகையால், மின்சாரம் ஒரு திசையில் மட்டும் மிகுதியாகப் பாய்ந்து, சில மைக்ரோ ஆம்பியர் அளவு நேர்திசை மின்னோட்டமாகிறது. பலகை தேடுவது இந்த நேர்திசை மின்னோட்டத்தைத்தான். கோல் உலை உடலைத் தொட்டுக் குறுக்கு மின்சுற்று ஏற்பட்டால் மாறுதிசை மின்னோட்டமே கிடைக்கும். அதைப் பலகை சுடர் என்று ஏற்காது. மிக எளிய, மிகக் கூரிய ஏற்பாடு எனலாம்.

கோலின் மேல் நுண்ணிய படலம் படிந்தால் மின்னோட்டம் குறைந்து, சுடர் எரிந்துகொண்டிருந்தும் பலகைக்குத் தெரியாமல் போகிறது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தி, உலை ஆறிய பின்னர், ஒற்றைத் திருகைக் கழற்றிக் கோலை வெளியே எடுத்து நுண்ணிய இரும்பு நாரால் மெல்லத் துடைத்து மாட்டினால் பல உலைகள் சரியாகிவிடும். அருகில் உள்ள பற்றவைப்பியை விரலால் தொடக்கூடாது. அது எளிதில் உடையக்கூடியது. துடைத்த சில வாரங்களிலேயே மீண்டும் அணைந்தால், நில இணைப்புக் கம்பி தளர்ந்திருத்தல், எரியடுப்பில் துருவேறியிருத்தல் போன்றவற்றை நோக்க வேண்டும்.

இம்மின்னோட்டத்திற்கு நில இணைப்பு இன்றியமையாதது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய பனிமழைப் புயல் போன்ற காலங்களில் உலையைச் சிறு மின்னாக்கியில் இணைப்போர் உண்டு. அப்பொழுது உலை பற்றிப் பற்றி அணைவதற்குக் காரணம், மின்னாக்கியின் நடுநிலைக் கம்பி நிலத்துடன் இணையாமையாக இருக்கலாம். மின்னாக்கியை வீட்டினுள்ளோ கார்க் கொட்டகையிலோ வைத்து இயக்குவது உலைப் பழுதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

சில நிமிடங்கள் எரிந்து அணைதல்

சுடர் சில நிமிடங்கள் நன்றாக எரிந்து, பின்னர் அணைந்து, ஊதுவிசிறி மட்டும் தொடர்ந்து ஓடினால், மிகைவெப்ப ஆளி திறந்திருக்கும் வாய்ப்பே அதிகம். பரிமாற்றியின் சூட்டை அள்ளிச்செல்லப் போதிய காற்று வரவில்லை என்பது இதன் பொருள். ஆறியதும் ஆளி தானே மூடும். உலை மீண்டும் பற்றும். இவ்வாறே இரவெல்லாம் சுழலும், வீடோ சூடாகாது.

இதற்கு முதன்மைக் காரணம் அழுக்கடைந்த காற்று வடிகட்டி. கடைகளில் கிடைக்கும் 2.5 செ.மீ. தடிமனுள்ள மடிப்பு வடிகட்டிகள், குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையாவது பார்க்கப்பட வேண்டியவை. விலை கூடிய, மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் வடிகட்டியே சிறந்தது என்ற எண்ணம் எல்லா உலைகளுக்கும் பொருந்தாது. அடர்த்தி கூடக் கூடக் காற்றுக்கும் தடை கூடும். வடிகட்டியைக் கழற்றிச் சிறிது நேரம் இயக்கிப் பார்த்து, உலை அணையாமல் ஓடினால் காரணம் அதுவே என்று துணியலாம். ஆனால் வடிகட்டி இன்றி நாட்கணக்கில் ஓடவிடக் கூடாது.

பயன்படுத்தாத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடிவைத்தால் எரிவாயு மிச்சமாகும் என்று பலர் நம்புகின்றனர். பல துவாரங்களை மூடினால் காற்றோட்டம் குறைந்து மிகைவெப்ப ஆளிதான் திறக்கும். திரும்பு காற்றுத் துவாரத்தின் முன் மெத்தையிருக்கையை வைப்பதும் இதே விளைவைத் தரும். இவை எல்லாம் சரியாக இருந்தும் உலை சூடேறினால், ஊதுவிசிறியின் மின்தேக்கி தளர்ந்திருக்கலாம், அல்லது உலைக்கு மேல் பொருத்தப்பட்ட குளிரூட்டிச் சுருளின் அடிப்பகுதியில் தூசு அடைந்திருக்கலாம். இவை தொழில்நுட்பருக்கு உரியவை.

பற்றும் முன்னரே நிற்றல்

புகை விசிறி ஓடியும் பற்றவைப்பி ஒளிராவிட்டால், அழுத்த ஆளி மூடவில்லை என்று கொள்ளலாம். கனடாவில் 2009 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, புதிதாகத் தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு உலைகளின் ஆண்டு எரிபொருள் பயன்திறன் குறைந்தது 90 விழுக்காடாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய உயர்திறன் உலைகள், புகையில் உள்ள நீராவியையும் ஒடுக்கி அதன் வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்து உண்டாகும் நீராவி முழுவதும் ஒடுங்கினால் ஏறத்தாழ ஒன்றரை லீட்டர் நீர் சேரும். சிறிது அமிலத்தன்மையுள்ள இந்நீர் மெல்லிய குழாய் வழியே வடிந்தாக வேண்டும். வடிகுழாயின் வளைவில் பாசி போன்ற அழுக்கு அடைந்தாலும், குழாய் சூடற்ற இடத்தில் உறைந்தாலும், நீர் தேங்கி அழுத்த ஆளி திறந்துவிடும். உலை ஓடும்போது அதனுள் நீர் கொப்பளிக்கும் ஓசை கேட்பது இதற்கான தெளிவான அறிகுறி.

உயர்திறன் உலைகளின் புகை, வீட்டின் பக்கச் சுவர் வழியே பிளாஸ்டிக் குழாயில் வெளியேறுகிறது. பெரும் பனிப்பொழிவிற்குப் பின் உலை நின்றால், உள்ளே எதையும் கழற்றும் முன், வெளியே சென்று அக்குழாய்களைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனிக்கட்டி, பறவைக் கூடு, காய்ந்த இலை ஆகியனவும் குழாயை அடைப்பதுண்டு.

ஊதுவிசிறி தொடங்கியதும் சுடர் நடுங்குதல்

இது தனியே கூறத்தக்கது. ஒழுங்காக எரிந்த நீலச் சுடர், ஊதுவிசிறி தொடங்கிய உடனே நடுங்கினாலோ, மஞ்சளாக மாறினாலோ, அடுப்பை விட்டு வெளியே வந்தாலோ, வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு இருக்கலாம். அப்படியானால் புகை வீட்டுக் காற்றுடன் கலக்க வழி உண்டு. சுடர் வெளியே வரும்போது அதற்கெனவே வைக்கப்பட்ட வெளிச்சுடர் ஆளி உலையை நிறுத்தும். இதில் பல ஆளிகள் தாமாக மூடுவதில்லை. நடுவில் உள்ள பொத்தானைக் கையால் அழுத்தினாலே மூடும். அவ்வாறு அமைத்ததே ஒரு மனிதர் வந்து காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். காரணம் காணாமல் பொத்தானை அழுத்துவது தவறு. நிலவறையில் உலைக்கு அருகே சலவைப் பொறி இருந்து, குளோரின் கலந்த வெளுப்பான்கள் அங்கேயே வைக்கப்பட்டிருந்தால், அவற்றின் ஆவி பரிமாற்றியை அரிக்கக்கூடும். உலை அறையைப் பொருட்கிடங்காக்கும் வீடுகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏனைய காரணங்கள்

உலையில் எக்குறையும் இல்லாமலும் இது நிகழலாம். வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் மின்கலம் தளர்ந்தாலோ, அதன் மேல் வெயிலோ சூடான காற்றோ நேரே பட்டாலோ, உலை முன்னதாகவே நிற்கும். வீட்டின் அளவுக்கு மிஞ்சிய உலையைப் பொருத்தினாலும் அது சில நிமிடங்களில் வீட்டைச் சூடாக்கி நின்று, விரைவில் மீண்டும் தொடங்கும். இதற்குத் துடைப்பதும் மாற்றுவதும் மருந்தாகா. புரோப்பேன் கொள்கலனைப் பயன்படுத்தும் நாட்டுப்புற வீடுகளில், கடுங்குளிரில் கொள்கலனில் எரிபொருள் குறைவாக இருந்தால் ஆவியாதல் மெதுவாகி, வாயு அழுத்தம் போதாமல் சுடர் அணைவதுண்டு. புரோப்பேனின் கொதிநிலை −42 °செ ஆகும்.

பாதுகாப்பு

இயற்கை எரிவாயுவிற்கு மணம் இல்லை. கசிவை அறியவே கெட்ட நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் அதில் கலக்கப்படுகிறது. அந்நாற்றம் வந்தால் விளக்கு ஆளியையும் தொடாமல் வீட்டை விட்டு வெளியேறி, வெளியிலிருந்தே எரிவாயு நிறுவனத்தையோ தீயணைப்புப் படையையோ அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு (இலங்கை வழக்கில் காபனோரொட்சைட்டு) வளிக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை ஒரே வீட்டில் பலருக்கும் ஒருங்கே தோன்றி, வெளியே சென்றதும் குறைந்தால், அதைக் காய்ச்சல் என்று எண்ணி உறங்கிவிடக் கூடாது.

ஒன்ராறியோ மாகாணத்தின் வூட்ஸ்டொக் நகரில் 2008 டிசம்பரில் எரிவாயுக் கணப்பு ஒன்றின் புகைவழி அடைபட்டதால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இவ்வளியால் உயிரிழந்தனர். அதன்பின் எழுந்த முயற்சியால் 2013 இல் அம்மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டு, எரிபொருள் எரிக்கும் கருவிகள் உள்ள வீடுகளில் உறங்கும் இடங்களுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் வைப்பது 2014 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவிகளைப் பழுதுபார்க்கச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பருக்கே உரிமை உண்டு. வடிகட்டியை மாற்றுதல், வெளிக்குழாயின் பனியை நீக்குதல், காற்றுத் துவாரங்களைத் திறத்தல், கட்டுப்படுத்தியின் மின்கலத்தை மாற்றுதல் ஆகியவை வீட்டார் செய்யத்தக்கன. வால்வு, வாயு அழுத்தம், பரிமாற்றி, காப்பு ஆளிகள் ஆகியவற்றில் கைவைத்தல் ஆகாது. தொழில்நுட்பரை அழைக்கும்போது, உலை பற்றிய எத்தனையாவது நொடியில் அணைந்தது, விளக்கு எத்தனை முறை மினுக்கியது, ஊதுவிசிறி அப்போது ஓடியதா என்னும் மூன்றையும் எழுதி வைத்துச் சொன்னால், அவர் வரும்போதே தேவையான உறுப்பைக் கொண்டுவர வாய்ப்புண்டு. கடுங்குளிர் இரவில் அது ஒரு நாளை மிச்சப்படுத்தும். உலை நெடுநேரம் ஓடாது என்று தெரிந்தால், குழாய்களில் நீர் உறைந்து வெடிக்காதிருக்க நீர்க்குழாயைச் சிறிதளவு திறந்து ஒழுகவிடுவதும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பதும் அந்நாடுகளில் வழக்கம்.