மூன்று மணி நேரம் பாக்கி

மாலை ஆறு மணி. எட்டு மணிக்கு வாசலில் டாக்ஸி வந்து நிற்கும். அக்கா மகன் மெல்போர்னுக்குத் திரும்புகிறான். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு வேலைதான்.

என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் 300 ஜி.பி.க்கு வீடியோ இருக்கிறது. பரணில் பூஞ்சை பிடித்துக் கிடந்த பழைய கேசட்டுகளையெல்லாம் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வைத்தது. அதில் என் அப்பா நடக்கிறார். பேசுகிறார். இதே பேரனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறார். அப்பா இப்போது இல்லை. அக்கா இந்த வீடியோவைப் பார்த்து இருபது வருடமாவது இருக்கும். இன்று ராத்திரி இது விமானம் ஏறியாக வேண்டும்.

பையன் தன்னுடைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கை எடுத்துச் செருகினான். காப்பி கொடுத்தான். திரையில் பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. கூடவே ஒரு வரி. மூன்று மணி நேரம் பாக்கி.

"இந்த கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுடுங்க மாமா" என்றான்.

"முன்னாடி இருக்கற போர்ட்ல ஏண்டா சொருகற? பின்னாடி நீலமா ஒண்ணு இருக்கும் பாரு" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. மாற்றினான். இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். மூன்று மணி நேரம் பாக்கி. ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிஸ்க், நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர், இரண்டையும் இணைத்தால் மட்டும் மாட்டு வண்டி. யார் மீது குற்றம்? கொஞ்சம் பொறுங்கள். இந்த வழக்கில் முதல் சாட்சியை விசாரிக்க 1990களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். பெட்டியின் முதுகைத் திருப்பினால் ஒரு சந்தைக்கடையே தெரியும். கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று. மௌஸுக்கு ஒன்பது பின். பிரிண்டருக்கு இருபத்தைந்து பின், இரண்டு பக்கமும் திருகு. ஜாய்ஸ்டிக்குக்குப் பதினைந்து. இது போதாதென்று ஐ.ஆர்.க்யூ. என்று ஓர் எண் விவகாரம். மொத்தமே பதினாறு எண்கள். புதிதாக மாட்டிய கார்டு, ஏற்கெனவே இருக்கும் கார்டின் எண்ணில் போய் உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. லாட்ஜில் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்த மாதிரி. அடிதடி நடக்கும். எதைச் செருகினாலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். அப்புறமும் வேலை செய்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வடோதராவில் பிறந்து, அங்கேயே பட்டம் வாங்கி, அமெரிக்காவுக்குப் போய் மேல்படிப்பு படித்தவர் அஜய் பட். 1990ல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தார். தொழிலே கம்ப்யூட்டர் வடிவமைப்பு. ஆனால் அவர் வீட்டிலேயே மனைவியும் மகளும் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பிளக்கைச் செருகினால் விளக்கு எரிகிறது. எந்த விளக்கு என்று சுவர் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது?

யோசனையோடு போனபோது மேலிடத்தில் பெரிய உற்சாகம் இல்லை. மனிதர் விடவில்லை. அதே நிறுவனத்தில் வேறு வேலைக்கு மாறிக்கொண்டு, ஆதரவு தேடி, சக பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு முட்டி மோதினார். 1994ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல் என்று ஏழு நிறுவனங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. 1.0 பிறந்தது.

(2009ல் இன்டெல் ஒரு விளம்பரம் எடுத்தது. அஜய் பட் ஒரு ராக் ஸ்டார் மாதிரி ஆபீஸுக்குள் நடந்து வருவார், பெண்கள் மயங்கி நிற்பார்கள். நடித்தது வேறு ஒருவர். அசல் அஜய் பட் அத்தனை ஸ்டைலெல்லாம் காட்டுகிற ஆள் இல்லை.)

அந்த முதல் யு.எஸ்.பி.யின் வேகம் என்ன? இரண்டு வேகங்கள். கீபோர்டு, மௌஸுக்கு விநாடிக்கு ஒன்றரை மெகாபிட். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மெகாபிட். கேட்கப் பெரிதாக இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பன்னிரண்டை எட்டால் வகுங்கள். விநாடிக்கு ஒன்றரை மெகாபைட். நடைமுறையில் ஒன்று வந்தால் பெரிது. என் 300 ஜி.பி.யை அதில் ஏற்றியிருந்தால் மூன்றரை நாளாகும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோக்கமே வேகம் இல்லை. விலை. மௌஸ் விற்கிறவன் பயப்படாத அளவுக்கு ஒயர் மலிவாக இருக்க வேண்டும். பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏற்கிற மாதிரி ஏன் செய்யவில்லை என்று பிற்பாடு அஜய் பட்டைக் கேட்டார்கள். ஒயரும் சர்க்யூட்டும் இரண்டு மடங்காகியிருக்கும், செலவும் இரண்டு மடங்காகியிருக்கும் என்றார். நாம் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் செருகியதெல்லாம் அந்த மிச்சத்துக்காகத்தான்.

வந்தவுடன் ஜெயித்ததா என்றால், ம்ஹூம். 1998 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு பெரிய கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். விண்டோஸ் 98ல் எவ்வளவு சுலபமாக யு.எஸ்.பி. வேலை செய்கிறது பாருங்கள் என்று அவருடைய சகா ஒரு ஸ்கேனரைச் செருகினார். அடுத்த கணம் பெரிய திரை முழுக்க நீலம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அரங்கமே கைதட்டிச் சிரித்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஐமேக்கை இறக்கியது. ஃப்ளாப்பி கிடையாது, பழைய போர்ட்டுகள் கிடையாது, கீபோர்டு முதல் பிரிண்டர் வரை எல்லாம் யு.எஸ்.பி. மட்டும்தான். வேறு வழியில்லாமல் உலகம் பின்னாலேயே வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆப்பிளிடம் ஃபயர்வயர் என்று ஒரு குதிரை இருந்தது. நானூறு மெகாபிட் வேகம். யு.எஸ்.பி. எங்கே, அது எங்கே! 2001ல் வந்த முதல் ஐபாட்கூட ஃபயர்வயரோடுதான் வந்தது. ஆனால் ஃபயர்வயருக்கு ராயல்டி கட்ட வேண்டும். 1999ல் ஆப்பிள் கேட்டது ஒரு போர்ட்டுக்கு ஒரு டாலர். ஒரு டாலர்தானே என்று தோன்றும். கோடிக்கணக்கில் கம்ப்யூட்டர் விற்கிறவனுக்கு அது ஒரு டாலர் இல்லை. இன்டெல் தன்னுடைய இலவசப் பிள்ளைக்கே இன்னும் கொஞ்சம் ஊட்டம் கொடுக்க முடிவு செய்தது. 2000 ஏப்ரலில் யு.எஸ்.பி. 2.0 வந்தது. நானூற்று எண்பது மெகாபிட். நாற்பது மடங்கு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் பச்சைக் கோட்டின் ரகசியம் இந்த இடத்தில் இருக்கிறது.

புதியது வந்தால் பழையதைத் தூக்கிப் போடச் சொல்வது வழக்கம். இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எந்தக் காலத்துப் பொருளையும் எந்தக் காலத்துப் போர்ட்டில் செருகினாலும் வேலை செய்தாக வேண்டும். எப்படி? ஒரு 2.0 டிஸ்கைச் செருகியதும் அது தன் முழு பலத்தையும் காட்டுவதில்லை. பழைய பன்னிரண்டு மெகாபிட் ஆசாமி மாதிரி அடக்கமாகத்தான் உள்ளே வருகிறது. வந்து, ஒயரில் ஒரு சின்ன சமிக்ஞை கொடுக்கிறது. பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயரே பறவையின் கீச்சொலிதான். எதிர்முனை பதிலுக்குக் கீச்சென்றால், அட, நீயும் நம்மாளா என்று இரண்டும் வேகமெடுக்கின்றன. பதில் வரவில்லையா? சண்டை இல்லை, புகார் இல்லை. பழைய வேகத்திலேயே வேலை தொடரும்.

உங்களுக்குத் தகவல் சொல்வார்களா? விண்டோஸ் எக்ஸ்பி சொல்லிப் பார்த்தது. இந்தச் சாதனம் இன்னும் வேகமாக ஓடும், வேறு போர்ட்டில் போடு என்று மூலையில் ஒரு பலூன் பறக்கும். நாமெல்லாம் படிக்காமலேயே பெருக்கல் குறியை அமுக்கினோம். (அந்த எக்ஸ்பியே 2001ல் வெளிவந்தபோது அதற்கு யு.எஸ்.பி. 2.0 தெரியாது. அடுத்த வருடம்தான் கற்றுக்கொண்டது.)

சரி, பெயரையாவது பார்த்து வாங்கலாம் என்றால், அங்கேயும் ஒரு கூத்து. பன்னிரண்டு மெகாபிட்டுக்கு ஃபுல் ஸ்பீட் என்று பெயர். நானூற்று எண்பதுக்கு ஹை ஸ்பீட். நீங்களே சொல்லுங்கள், கடையில் நிற்கிறவருக்கு எது உசத்தியாகத் தெரியும்? போதாக்குறைக்கு, 2.0 விதிப்புத்தகம் பழைய வேகத்தையும் உள்ளடக்கியது. ஆகவே பன்னிரண்டு மெகாபிட் பொருளின் அட்டைப்பெட்டியிலும் 'யு.எஸ்.பி. 2.0 ஃபுல் ஸ்பீட்' என்று போட்டுக்கொள்ளலாம். பொய் இல்லை. நிறைய பேர் ஏமாந்தார்கள்.

2008 நவம்பரில் 3.0 வந்தது. ஐயாயிரம் மெகாபிட். இதற்கு சூப்பர் ஸ்பீட் என்று பெயர். அதையும் விட்டுவைக்கவில்லை. 2013ல் அதே சரக்குக்கு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள். 2017ல் வந்த அடுத்த விதிப்புத்தகத்தில் அது 3.2 ஜென் 1 ஆனது. வேகம் ஒரு துளி கூடவில்லை. மூன்று ஞானஸ்நானம், ஒரே குழந்தை.

ஆனால் 3.0ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பழைய ஒயரையே முறுக்கிப் பிழியாமல், பக்கத்திலேயே புது ரோடு போட்டார்கள். பழைய நான்கு தொடர்புகள் அப்படியே இருக்கும். கூடவே புதிதாக ஐந்து. பழசு வந்தால் நான்கில் ஓடும். புதுசு வந்தால் அந்த ஐந்தில் பறக்கும். அடையாளத்துக்கு உள்ளே நீலநிறப் பிளாஸ்டிக். அது சிபாரிசுதான், கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டரின் முகப்பில் இருக்கும் போர்ட்டுகளுக்கு உள்ளே மதர்போர்டிலிருந்து தனி ஒயர் போக வேண்டும். பழைய பெட்டிகளில் அது 2.0 ஒயராகத்தான் இருக்கும். ஆகவேதான் முதலில் பின்பக்கம் மாற்றச் சொன்னேன். நடுவில் பழைய ஹப் இருந்தாலும் இதே கதிதான். 3.0 பிளக்கில் பழைய நான்கும் முன்வரிசையில், புது ஐந்தும் பின்வரிசையில் இருப்பதால், ரொம்ப நிதானமாகச் செருகினால் முன்வரிசை முதலில் தொட்டு, பழைய ரோட்டிலேயே பயணம் ஆரம்பித்துவிடுவதும் உண்டு. கழற்றி, ஒரே மூச்சில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

எல்லாப் பழியையும் யு.எஸ்.பி. தலையில் போடுவதும் நியாயமில்லை. மலிவான பென் டிரைவ் முதல் அரை நிமிடம் பாய்ந்து, பிறகு படுத்துவிடும். அது உள்ளே இருக்கும் சில்லின் லட்சணம். அட்டையில் போட்டிருப்பது படிக்கிற வேகம், எழுதுகிற வேகம் அல்ல. பத்தாயிரம் குட்டி போட்டோக்களை ஏற்றினாலும் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் தனியாகப் பதிவு போட்டாக வேண்டுமே. எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பினால் கொஞ்சம் தேவலை.

எங்கள் கேஸில் இதில் எதுவுமே இல்லை. பெரிய பெரிய வீடியோக்கள். நல்ல டிஸ்க். நீல போர்ட். விநாடிக்கு இருபத்தெட்டு மெகாபைட். 2.0 கொடுக்கிற நடைமுறை வேகம் முப்பது, நாற்பது. ஆக, யாரோ நடுவில் இருந்துகொண்டு பழைய ரோட்டில்தான் போவேன் என்கிறார்கள். யார்?

"கேபிளைக் காட்டு" என்றேன்.

காட்டினான். மெல்லிசான கறுப்பு ஒயர். அவனுடைய பழைய போன் சார்ஜரோடு வந்தது.

"இதோட ஒரிஜினல் எங்கடா?"

"அகலமா ஒண்ணு இருந்தது மாமா. எங்கயோ தொலைஞ்சுபோச்சு. இதுவும் சரியாப் பொருந்திச்சு."

பொருந்தும். பொருந்தத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி டிஸ்குகளின் வாய் இரண்டு பாகமாக இருக்கும். ஒரு பாகம் அந்தக் காலத்துப் போன் கேபிளின் அதே அளவு, பழைய ரோடு. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பாகம்தான் புது ஐந்து தொடர்புகள். போன் கேபிளைச் செருகினால் அது பாதி வாயை மட்டும் நிரப்பும். டிஸ்க் சுற்றும், விளக்கு எரியும், ஃபைல்கள் தெரியும். 2000ம் வருடத்து வேகத்தில்.

பையனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 2023ல் வந்த ஐபோன் 15ன் பெட்டியில் பளபளவென்று ஒரு டைப் சி கேபிள் இருந்தது. அதன் வேகமும் அதே நானூற்று எண்பதுதான். அந்த மாடல் போனும் அதற்கு மேல் போகாது.

என் பீரோவின் அடித்தட்டில் செத்துப்போன ஒரு ஹார்ட் டிஸ்க் கிடந்தது. அதோடு அதன் அகல வாய்க் கேபிளும். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தபோது மணி ஆறரை. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, மாற்றிச் செருகினான்.

ஐம்பத்தோரு நிமிடம் பாக்கி.

"அம்மாவுக்கு போன் பண்ணி சொல்லிடறேன் மாமா" என்று எழுந்து போனான். ஏழரைக்கு முடிந்தது. ஒரு ஃபைலைத் திறந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தோம். அப்பா தெருமுனையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். டாக்ஸிக்காரர் வந்து ஹாரன் அடிக்கிறவரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.