திருடு போனது யார் பணம்?

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

"டாக்டர், டெபிட் கார்டு பாதுகாப்பா, கிரெடிட் கார்டு பாதுகாப்பா?"னு நிறைய பேர் கேட்கறீங்க. மருத்துவக் கேள்வி இல்லைதான், ஆனாலும் சொல்றேன். ரெண்டுலயும் அதே சிப், அதே பின், அதே ஓடிபி. அட்டையில பெரிய வித்தியாசம் இல்லை. சட்டத்துல இருக்கு. அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுங்கறது சுவாரசியமான கதை.

1958 செப்டம்பர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரெஸ்னோ என்ற ஊர். பேங்க் ஆஃப் அமெரிக்கா அங்கே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கிரெடிட் கார்டு அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவே இல்லை! கவரைப் பிரிச்சா உள்ளே கார்டு. நேரா கடைக்குப் போய் கடனுக்கு வாங்கிக்கலாம். இன்னைக்கு நம்ம பர்ஸ்ல இருக்கற விசா கார்டோட தாத்தா இதுதான்.

அடுத்த ஒரு வருஷத்துல மாநிலம் முழுக்க 20 லட்சம் கார்டு. நூத்துக்கு 4 கணக்குல பணம் வராதுன்னு வங்கி கணக்குப் போட்டுச்சு. வராமப் போனது 22. போதாக்குறைக்குத் திருட்டு வேற. வங்கி ஒத்துக்கிட்ட நஷ்டமே 88 லட்சம் டாலர்.

இதைப் பார்த்தும் மத்த வங்கிகள் திருந்தலை. 1966 கடைசியில சிகாகோ வங்கிகள் போட்டி போட்டுக்கிட்டு சுமார் 50 லட்சம் கார்டு அனுப்புச்சு. குழந்தைங்க பேர்ல கார்டு, செத்துப்போனவங்க பேர்லயும் கார்டு. தபால்லயே திருடினவனுக்குக் கொண்டாட்டம். கார்டைக் கண்ணுலயே பார்க்காத ஆளுக்கு பில் வந்துச்சு.

மக்கள் கொதிச்சாங்க. 1970ல் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்காத கார்டை அனுப்பத் தடை போட்டது. திருட்டுப் போன கிரெடிட் கார்டுக்கு வாடிக்கையாளர் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்னும் சொல்லிடுச்சு. 1974ல் இன்னொரு சட்டம்: பில் தப்புன்னு சொன்னா, விசாரணை முடியற வரைக்கும் அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம்.

டெபிட் கார்டுக்கான சட்டம் 1978ல்தான் வந்தது. அதுல கடிகாரத்தை மாட்டி விட்டுட்டாங்க. கார்டு தொலைஞ்சது தெரிஞ்சு 2 வேலை நாளுக்குள் சொன்னா 50 டாலர். தாமதிச்சா 500 வரை. ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாள் கடந்தும் சொல்லலைன்னா, அதுக்கப்புறம் போறதுக்கு உச்சவரம்பே கிடையாது.

இதைவிட முக்கியமானது இன்னொண்ணு. கிரெடிட் கார்டுல திருடன் எடுக்கறது வங்கியோட பணம். நீங்க பில்லை வச்சுக்கிட்டு வாதாடலாம். டெபிட்ல போறது உங்க சேமிப்பு. திரும்பி வந்தாலும் பிறகுதான் வரும். அந்த இடைப்பட்ட நாள்ல அப்பாவுக்கு ஆஞ்சியோன்னா என்ன பண்ணுவீங்க?

நம்ம ஊருக்கு வருவோம். 2016ல் இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டு விவரங்கள் கசிந்திருக்கலாம்னு செய்தி வந்து, வங்கிகள் அவசரமா பின் மாத்தச் சொன்னதும் புதுக் கார்டு கொடுத்ததும் ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷம், 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்க மேலயும் வங்கி மேலயும் தப்பில்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 நாள்னா, கணக்கு வகையைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரை உங்க தலையில. சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி தற்காலிகமா பணத்தை வரவு வைக்கணும். நம்ம நாட்டுல ரெண்டு கார்டுக்கும் இந்த விதி ஒண்ணுதான், நல்ல விஷயம்.

ஆனா ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா, புகார் கொடுக்கற வரைக்கும் போனது முழுக்க உங்க நஷ்டம். எந்தக் கார்டா இருந்தாலும் சரி.

அதனால ஆன்லைன்ல வாங்க நான் கிரெடிட் கார்டுதான் சொல்வேன். பில்லை மாசாமாசம் முழுசா கட்டறவங்களுக்கு மட்டும். மத்தவங்களுக்கு அந்த வட்டியே திருடன்தான்.

சம்பளக் கணக்கோட டெபிட் கார்டுல ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு ரெண்டையும் வங்கி ஆப்ல ஆஃப் பண்ணி வைங்க. தேவைப்படும்போது ஆன் பண்ணிக்கலாம். பணம் போயிருந்தா முதல்ல கார்டை பிளாக் பண்ணிட்டு வங்கிக்குச் சொல்லுங்க, கையோட 1930க்கும் கூப்பிடுங்க. புகார் எண்ணை எழுதி வச்சுக்கோங்க, நாள் கணக்கு அதுலேர்ந்துதான் ஓடும்.