மரை, முறுக்கு, தோட்டா

திருப்பூர்ல பழைய மெக்கானிக்குகள் கிட்ட "விட்வொர்த் மரை"ன்னு சொன்னா உடனே புரியும். மில்லிமீட்டர் போல்ட்டு வர்றதுக்கு முன்னாடி, இங்கிலாந்துலேர்ந்து வந்த மெஷின்களைக் கழட்டிப் பூட்டினவங்க அவங்க. 55 டிகிரி கோணத்தில் அந்த மரைக்கு 1841ல் அளவு வகுத்தவர் மான்செஸ்டர்காரர் ஜோசப் விட்வொர்த். பருத்தி மில்லுகளின் ஊரைச் சேர்ந்த இந்த மனுஷன்தான் தூரம் போகிற தோட்டா எப்படி இருக்கணும்னும் காட்டினார். அந்தக் கதை நம்ம ஊர் சரித்திரத்திலும் வந்து முட்டுது.

1853ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு என்ஃபீல்டு ரைஃபிள் வந்தது. குழல் விட்டம் 0.577 இஞ்ச். தோட்டா மெத்துன்னு ஈயம், அடிப்பக்கம் குழிவு. வெடிக்கும்போது அந்தக் குழிவு விரிஞ்சு, குழலுக்குள் இருக்கிற சுருள் பள்ளத்தைப் பிடிச்சுக்கும். அதை நிறையத் தயாரிக்க மெஷின் வேணும்னு 1854ல் அரசாங்கம் விட்வொர்த்திடம் போனது. அவரோ, "முதல்ல எந்தக் குழல் நல்ல குழல்னு பார்த்துடுவோம்" என்கிற கட்சி. தன் வீட்டு வளாகத்தில் 500 கஜ நீளத்துக்குக் காற்றுப் புகாத கூடம் கட்டி, சுட்டுச் சுட்டுப் பார்த்தார்.

அவர் கண்டுபிடிச்சது நூல்காரங்களுக்குச் சட்டுனு பிடிபடும். நூலில் ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை முறுக்குன்னு பார்ப்போம் இல்லையா? துப்பாக்கியில் அது தலைகீழ்: எத்தனை இஞ்ச்சுக்கு ஒரு சுற்று. என்ஃபீல்டில் 78 இஞ்ச்சுக்கு ஒரு சுற்று, ரொம்பத் தளர்வு. விட்வொர்த் அதை 20 இஞ்ச் ஆக்கினார். தோட்டாவின் எடை ஏறக்குறைய அதேதான், 530 கிரெய்ன் (சுமார் 34 கிராம்). ஆனால் விட்டத்தை 0.45 இஞ்ச்சுக்குக் குறைச்சதால் தோட்டா ஒல்லியா, நீளமா ஆச்சு. ஒல்லியானது காற்றைச் சுலபமா கிழிக்கும். ஆனால் நீளமானது பறக்கும்போது குட்டிக்கரணம் போடப் பார்க்கும். அதைத் தடுக்கப் பம்பரம் மாதிரி வேகமா சுத்தணும். அதுக்குத்தான் அதிக முறுக்கு.

குழலை அறுகோணமா கடைஞ்சு, தோட்டாவையும் அதே அறுகோணத்தில் செஞ்சார். தோட்டா விரிய வேண்டியதே இல்லை என்பதால் குழிவு இல்லாமல் கெட்டியா, கடினமான உலோகத்திலும் வார்க்கலாம். 1857ல் ரெண்டையும் மோதவிட்டாங்க. 800 கஜத்தில் என்ஃபீல்டு சராசரியா 4 அடி விலகியது. விட்வொர்த் 1 அடி. 1400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடலை. ஆனாலும் ராணுவம் விட்வொர்த்தை எடுத்துக்கலை. விலை ஜாஸ்தி, குழலில் கரி சீக்கிரம் அடையும்னு காரணம்.

அதே 1857ன் தொடக்கத்தில்தான் கல்கத்தா பக்கத்து டம்டம்மில் என்ஃபீல்டு பயிற்சிக்கு வந்த சிப்பாய்களிடையே, பல்லால் கடிச்சுக் கிழிக்க வேண்டிய தோட்டாக் காகிதத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்குன்னு பேச்சு கிளம்பியது. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

விட்வொர்த் சோதனையில் கண்டதை 1879ல் கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் சூத்திரமாக்கினார். 150ஐத் தோட்டாவின் நீளத்தால் (விட்டத்தின் எத்தனை மடங்கோ அதால்) வகுங்க. 3 மடங்கு நீளத் தோட்டாவுக்கு 50 விட்ட தூரத்தில் ஒரு சுற்று போதும். 5 மடங்குன்னா 30 விட்டத்திலேயே ஒரு சுற்று வேணும்.

1884ல் பிரான்சில் வியேய் புகையில்லா வெடிமருந்து செய்தார். வேகம் எகிறியது. வெறும் ஈயம் அதைத் தாங்கலை, மேலே கெட்டி உலோக உறை போட்டாங்க. 1898ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போனாங்க: ஈயமே வேண்டாம், முழுத் தோட்டாவும் ஒரே உலோகம். 90 பங்கு செம்பு, 10 பங்கு துத்தநாகம், முனை கூர்மை, பின்பக்கம் படகு மாதிரி குறுகல், எடை 12.8 கிராம். 'பால் டி' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் காலாட்படையின் தோட்டா இதுதான். அந்தப் படையில் போய்ப் போரிட்ட புதுச்சேரிக்காரர்களும் உண்டு.

இந்தியாவில் நடந்தது வேற மாதிரி. 1895 சித்ரால் போரில், உறை போட்ட பிரிட்டிஷ் தோட்டா ஆளைச் சுத்தமா துளைச்சுட்டுப் போயிடுது, ஆள் விழமாட்டேங்கிறான்னு புகார். டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே முனையில் மட்டும் உறையை எடுத்துவிட்டார். உடம்பில் பட்டதும் ஈயம் பூவாய் விரிஞ்சு, சதையைச் சிதைச்சது. 1897ல் எல்லைப்புறப் பழங்குடிகள் மேல் அது பாய்ந்தது.

1899ல் ஹேக் மாநாடு விரியும் தோட்டாவைத் தடை செய்தது. பிரிட்டன் எதிர்த்தது. நாகரிகமில்லாத எதிரி ஒரு குண்டுக்கெல்லாம் நிக்கமாட்டான் என்பது அவங்க பிரதிநிதி ஆர்டாவின் வாதம். 1907ல்தான் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒண்ணு கவனிங்க, கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்களுக்குள் போரிட்டால்தான் அந்தத் தடை. பட்டாணியரும் சூடானியரும் எங்கே போய்க் கையெழுத்துப் போடுவாங்க?

அந்த ரைஃபிள்களுக்கான கார்டைட் வெடிமருந்துக்குத்தான் 1900களின் தொடக்கத்தில் நீலகிரி அருவங்காட்டில் ஆலை எழுந்தது. மேட்டுப்பாளையம் மலை ரயிலில் ஊட்டி போறவங்க, குன்னூர் தாண்டி அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போறோம்.

இன்னிக்கு நெடுந்தூரப் போட்டிகளுக்கு லேத்தில் கடைஞ்ச முழுச் செம்புத் தோட்டா வருது. செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடைக்கு இன்னும் நீளமாகணும், அதனால் இன்னும் இறுக்கமான முறுக்கு கேக்குது. விட்வொர்த் கணக்கு அப்படியே நிக்குது. தோட்டா எவ்வளவு தூரம் போகும்னு அந்தக் கணக்கு சொல்லிடும். போய் யார் மேல, எப்படிப் படணும்னு முடிவு பண்ணது மட்டும் எப்பவும் வேற ஆளுங்க.