யார் தூண்டிவிட்டது?

எங்கள் கல்லூரித் தூய்மைப் பணியாளர்கள், எல்லோரும் பெண்கள், மூன்று மாதக் கூலிப் பாக்கியைக் கேட்டு ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி, "யார் தூண்டிவிட்டது?"

எனக்குப் பள்ளி ஆய்வகத்தின் கண்ணாடிப் புட்டி நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கடியில் மெழுகுத் துண்டுபோல ஒன்று கிடந்தது. வெண்பாஸ்பரஸ். வெளியே எடுத்தால் காற்றுப் பட்டே பற்றிக்கொள்ளும், 30 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெப்பமே அதற்குப் போதும் என்றார் ஆசிரியை. 'தொட்டதற்கெல்லாம் பற்றிக்கொள்கிறவள்' என்று வீட்டில் பெயரெடுத்திருந்த எனக்கு அதன்மேல் ஓர் ஒட்டுதல் வந்தது. அதைத் தொட்டு வேலைசெய்த பெண்களைப் பற்றி அன்று யாரும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், எங்கே உரசினாலும் எரியும் தீக்குச்சிகளை வெண்பாஸ்பரஸால் செய்தார்கள். கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே ஆலையில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்களும் சிறுமிகளும். சாப்பாடும் வேலையிடத்திலேயே. பாஸ்பரஸ் ஆவி சொத்தைப் பல் வழியே தாடைக்குள் இறங்கும். முதலில் பல்வலி, பிறகு வீக்கம், சீழ், நாற்றம். எலும்பு செத்துவிடும். செத்த தாடையை அறுத்தெடுப்பதுதான் வைத்தியம். வியன்னா மருத்துவர் லொரின்சர் 1845இலேயே இந்த நோயைப் பதிவுசெய்துவிட்டார். ஆபத்துக் குறைந்த சிவப்புப் பாஸ்பரஸும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. அதைக்கொண்டு செய்யும் பாதுகாப்புத் தீக்குச்சியை இதே கம்பெனியும் விற்றது. ஆனாலும் மலிவான பழைய குச்சியை அது விடவில்லை.

1888 ஜூன் 23 அன்று 'தி லிங்க்' இதழில் அன்னி பெசன்ட் இந்த ஆலையைப் பற்றி எழுதினார். நம் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பின்னாளில் தலைவரான அதே பெசன்ட்தான். 16 வயதுப் பெண்ணுக்கு வாரக் கூலி 4 ஷில்லிங், கால் அழுக்காயிருந்தால் 3 பென்ஸ் அபராதம், பங்குதாரர்களுக்கோ 20 சதவீதத்துக்கும் மேல் ஈவுத்தொகை என்று கணக்கைப் போட்டுக் காட்டினார். அது பொய்யென்று கையெழுத்திடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையைவிட்டு நீக்கியதும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியேறினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனியிடம் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது, சங்கமும் பிறந்தது.

வரலாற்றில் நெடுநாள் இது 'பெசன்ட் நடத்திய வேலைநிறுத்தம்'. ஆனால் அவர் கேட்டது அந்தத் தீக்குச்சியை வாங்காதீர்கள் என்பதைத்தான், வேலைநிறுத்தத்தை அல்ல. லூயிஸ் ரா என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களைத் தோண்டியபோது, சாரா சாப்மன் முதலான தொழிலாளிப் பெண்களே முன்னின்று நடத்தியது தெரிந்தது. அதே ஆலையில் முன்பும் வேலைநிறுத்தம் செய்து தோற்றிருக்கிறார்கள். தோற்றுத் தோற்றுக் கற்றவர்களைத்தான் 'தீக்குச்சிச் சிறுமிகள்' என்று செல்லப் பெயரிட்டுச் சுருக்கிவிட்டோம்.

வென்ற பிறகும் அந்த ஆலையில் வெண்பாஸ்பரஸ் 1901 வரை இருந்தது. பிரிட்டன் அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது 1908இல், இந்தியா 1913இல்.

பெண்கள் கோபப்பட்டால் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன: யாரோ கொளுத்திவிட்டார்கள், அல்லது காரணமில்லாமல் தானாகப் பற்றிக்கொண்டாள். இரண்டிலும் அவளுக்கு யோசனை இல்லை. பாஸ்பரஸ்கூடக் காரணமில்லாமல் எரிவதில்லை. தண்ணீர் வற்றவேண்டும், காற்றுப் படவேண்டும்.

அன்று ஆசிரியர் அறையில் நான் ஒன்றுதான் கேட்டேன்: "மூன்று மாதமாகக் கூலியை நிறுத்தி வைத்தது யார்?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.